பெட்டிக்குள் பதினோராயிரம் சாமி

ஆகஸ்ட் 19, செவ்வாய்
கனடாவில் பேரன் வேலன் நடக்க ஆரம்பித்துவிட்டானாம். மகள் ப்ரியா வீடியோ அனுப்பியிருக்கிறாள். வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது, இறங்கவில்லை. ஃபோனில் இடமில்லையாம். இருப்பதெல்லாம் காலை வணக்கத்தோடு வந்த சாமி படங்கள். பதினோராயிரம்!

"அழிச்சுத் தள்ளேம்ட்டி" என்கிறார் இவர். முருகனை அழிக்கவா? கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் இருந்தாலே குப்பையில் போடாமல் கோயில் மரத்தடியில் வைத்துவிட்டு வருகிறவள் நான். இவருக்கென்ன, பட்டன் ஃபோன்.

ஆகஸ்ட் 20
ப்ரியா பேசினாள். "நாஸ்னு ஒரு பெட்டி இருக்கும்மா. வீட்டு வைஃபைல சேத்துட்டா எல்லாப் படமும் அதுல போய் உக்காந்துக்கிடும்." படங்களுக்குத் தனி வீடு!

ஆகஸ்ட் 21, வியாழன்
ராகுகாலம் முடிந்து ரிச்சி தெரு. கடைக்காரர் ஷரீஃப் பாய் இரண்டு பெட்டி காட்டினார். ஒன்றில் ஒரு டிஸ்க். இன்னொன்றில் இரண்டு, விலையும் அதிகம்.

"ரெண்டுலயும் அதே படம்தாம்மா ஏறும். ஒண்ணு புட்டுக்கினா இன்னொண்ணு கீது."

"ஒரே படத்துக்கு எதுக்கு ரெண்டு?" என்றார் இவர்.

"கோயில்ல மூலவர் இருக்கும்போது உற்சவர் எதுக்காம்?" என்றேன்.

பாய் சிரித்துவிட்டார். இரண்டு டிஸ்க்தான் வாங்கினோம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு
பாய் அபிராமபுரத்தில் எங்கள் வீட்டுக்கே வந்து மாட்டிக் கொடுத்தார். நான் சந்தனம் வைக்கப் போனதும் பதறினார். "ஐயோ, அந்த ஓட்டைல வைக்காதம்மா, காத்து போவணும்!"

எல்லாம் ஏறியாச்சு. ஆனால் ஃபோன் காலியாகவில்லை. ஏறினது நகல்தானாம்! ஃபோனில் இருப்பதை அழித்தால்தான் இடம் வருமாம். அப்போ எதுக்கு இம்புட்டுப் பாடு?

"நீங்களே அழிச்சிருங்க பாய்."

"உங்க சாமிம்மா. நான் கை வைக்க மாட்டேன்."

இவரைப் பார்த்தேன். "எனக்கு இதெல்லாம் தெரியாதுட்டி" என்று மொட்டை மாடிக்குப் போய்விட்டார். அழிச்சுத் தள்ளச் சொன்ன வாய்!

ஆகஸ்ட் 27
பிள்ளையார் சதுர்த்தி. நாற்பத்தாறு பிள்ளையார் வந்து, உள்ளே வர இடமில்லாமல் நிற்கிறார்கள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு
களிமண் பிள்ளையாரைக் கரைக்கப் பட்டினப்பாக்கம் கடற்கரைக்குப் போனோம். இவர் முழங்கால் தண்ணீரில் நின்று அவரை விட்டார். அதை யாராவது பாவம் என்கிறார்களா? பூஜை செய்து, வழியனுப்பி வைக்கிறோம். சாமிதான் பெட்டியில் குடியேறியாச்சே — அப்படியென்றால் ஃபோனில் இருப்பவரையும் வழியனுப்பலாம்தானே?

மணலில் உட்கார்ந்து ஃபோனுக்குக் கற்பூரம் காட்டினேன். காற்றில் மூன்று முறை அணைந்தது.

"இன்னாம்மா, ஃபோனையும் கரைக்கப் போறியா?" என்றார் சுண்டல்காரர்.

போயிட்டு வாங்க சாமி — அமுக்கிவிட்டேன்.

வீடியோ இறங்கியது. ஏழு அடி எடுத்து வைத்தான் என் தங்கம். எட்டாவதில் பொத்தென்று உட்கார்ந்து, தனக்குத்தானே கை தட்டிக்கொண்டான்.

"இன்னொரு வாட்டி போடுட்டி" என்றார் இவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

செப்டம்பர் 1
வேலன் நடந்ததை அறுபத்திரண்டு பேருக்கு அனுப்பினேன். சாயங்காலம் மாடி வீட்டு விசாலாக்ஷி மாமி இறங்கி வந்தாள்.

"என் ஃபோன் நிரம்பிடுத்து. பெருமாள் படத்தையெல்லாம் அழிக்க முடியுமோ? உங்க பேரனைத்தான் அழிச்சேன். தப்பா நினைச்சுக்காதீங்கோ."

"நியாயந்தான் மாமி" என்றேன்.