விழுப்புரம் விட்டுப்போன சேதி

14 நவம்பர் 2004, ஞாயிறு

தீபாவளி முடிந்து இரண்டு நாள். புகை இன்னும் இறங்கவில்லை. கண் எரிச்சல். தண்ணீர் ஐந்தரைக்கு வந்து ஆறுக்குள் நின்றுவிட்டது.

செய்ய: ரஜாய்களை, அதான் பஞ்சுப் போர்வைகளை, வெயிலில் போட (வெயில் எங்கே?). கீஸர்காரனுக்குப் போன். சிதம்பரத்துக்குக் கட்டுரை, இரண்டு பக்கம், வியாழனுக்குள்.

சிதம்பரம் பன்னிரண்டு வருடமாக எங்கள் தில்லிக் காலனித் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். நாற்காலியோடு சேர்த்துத் தைத்துவிட்டார்கள் போல. ஆண்டு விழாவுக்கு மலர் போடுகிறாராம். நம் காலனியில் ஓடிய பழைய ரேடியோவைப் பற்றி நான் எழுத வேண்டுமாம்.

"ரேடியோன்னாலே நீங்கதான மேடம். பளைய நினைவு நாலு, சிரிப்பு நாலு. படிக்கிறவய்ங்க விளுந்து விளுந்து சிரிக்கணும்."

பளைய. விளுந்து. இவர் தமிழுக்கு மலர் போடுகிறார்.

15 நவம்பர், திங்கள்

ஈத். ஆபீஸ் லீவு. பக்கத்து வீட்டிலிருந்து சேமியா வந்தது. என் வீட்டுக்காரர் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார், சர்க்கரை 210 இருக்கும்போது. சொன்னால் முறைக்கிறார்.

எழுதிப் பார்த்தேன். நினைவுக்கு வந்த வரிசையில்:

– சங்க அறைக்குப் பின்னால் ஸ்டோர் ரூம். மடக்கு நாற்காலிகள், கிழிந்த ஷாமியானா, ஒரு மேஜை, ஒரு மைக். எதிரொலி வராதிருக்கச் சுவரில் ரஜாய். ஜூன் மாதத்தில் உள்ளே வெந்துபோவோம்.

– கேபிள்காரர் ஒரு காலி சானல் கொடுத்திருந்தார். டிவியில் படம் வராது, நீலத் திரைதான். சத்தம் மட்டும் வரும். மாலை ஏழு முதல் எட்டு வரை. பிள்ளைகள் வைத்த பெயர் 'நீலா ரேடியோ'.

– கேபிள்காரர் மாதம் ஒரு தடவை வாசலில் வந்து நிற்பார். "மேடம்ஜி, கானா பஜாவோ, பாட்டுப் போடுங்கள்! இந்தப் பேச்சை யார் கேட்பார்கள்?" சானலைப் பிடுங்கிவிடுவேன் என்று மிரட்டல். நான் டீ கொடுத்து அனுப்புவேன்.

– டேப் ரிக்கார்டரில் ரிவைண்ட் வேலை செய்யாது. கேசட்டில் பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றி என் விரலில் காய்ப்பு.

– ஊர்ச் சேதி.

மற்றதைக் கேட்டார்களோ இல்லையோ, ஊர்ச் சேதியைக் கேட்காத வீடு கிடையாது. 1996இல் பாதி வீடுகளில் போன் இல்லை. லீவுக்கு ஊர் போகிறவர்கள் போனதும் சங்க அறைக்கு ஒரு எஸ்.டி.டி. போடுவார்கள். நான் குறித்துக்கொள்வேன். ஏழரைக்கு வாசிப்போம்: இன்னார் திருச்சி போய்ச் சேர்ந்தார், இன்னார் குடும்பத்தோடு விருதுநகர் போய்ச் சேர்ந்தார். அதைக் கேட்ட பிறகுதான் அந்தந்த வீட்டில் தட்டு போடுவார்கள்.

வாசித்தவள் சுதா. அப்போது இருபத்து மூன்று வயது, கன்னாட் பிளேஸில் டைப்பிஸ்ட் வேலை. பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான், தமிழ் படிக்க வராது. நான் தமிழை ஹிந்தி எழுத்தில் எழுதித் தருவேன். ஹிந்தியில் 'ழ' இல்லையே, அதனால் அது வரும் இடத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி. புள்ளியைக் கண்டதும் நாக்கை மடிப்பாள். ஒரு 'ழ' தவறியதில்லை. அவள் அப்பா டிவி முன்னால் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைப்பார். "நம்ம பொண்ணு பேசுது, கேளுங்க."

எவ்வளவு நன்றாக இருந்தது. எழுதும்போதே மூக்கை உறிஞ்சுகிறேன். சளியும்தான்.

16 நவம்பர், செவ்வாய்

மெட்ரோ வேலைக்குத் தோண்டி வைத்திருக்கிறார்கள், பஸ் சுற்றிச் சுற்றிப் போய் ஆபீஸுக்கு நாற்பது நிமிடம் லேட். பாஸிடம் பாட்டு.

வீட்டுக்கு வந்தால் சிதம்பரத்தின் கவர். மலருக்குத் தானே எழுதிய பக்கம், எனக்கு 'ஒரு மாதிரிக்கு'. இதை அப்படியே குறித்து வைக்கிறேன், பின்னால் யாரும் நான் கற்பனை செய்ததாகச் சொல்லக் கூடாது:

'தமிழறியாத தில்லிப் பெண்ணொருத்தி, உயிரோடிருந்த மனிதரை ஒரே வரியில் பரலோகம் அனுப்பிய நகைச்சுவையை மறக்க முடியுமா?'

பக்கத்தில் கார்ட்டூனுக்குக் கட்டம்.

நகைச்சுவை! பேப்பரைக் கசக்கி எறிந்தேன், மறுபடி எடுத்து நீவிப் படித்தேன், மறுபடி கசக்கினேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. இவர் எட்டிப் பார்த்து, "க்யா ஹுவா?" என்றார். ஒன்றும் ஆகவில்லை, போங்கள்.

நடந்தது இதுதான். 96 ஜூன். பெரிய அதிகாரி வேதாசலம், நாலு பிளாக் தள்ளி வீடு. முந்தின மாதம்தான் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவர், தனியாக விழுப்புரம் போனார். வீட்டுப் போன் பழுது. அதனால் சங்கத்துக்குப் போன். அன்று ஏழரைக்கு ரேடியோவில் வந்தது: "வேதாசலம் அவர்கள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார்."

எங்கே என்று இல்லை. ஊர்ப் பெயர் இல்லாமல் தமிழில் அப்படிச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

பத்தே நிமிடத்தில் அந்த வீட்டு வாசலில் கூட்டம். விழுப்புரத்துக்கு லைன் கிடைக்கவில்லை. சுதாவிடம் ஓடிப்போய்க் கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு அந்த அர்த்தம் தெரியாது. "ஹாங் ஜி, போய்ச் சேர்ந்துட்டாருன்னு போன் வந்துச்சே" என்று சிரித்த முகமாகச் சொல்லியிருக்கிறாள். அப்புறம் யாரோ ஒரு அம்மாள் வேதாசலத்தின் மனைவி கோமதியம்மாள் தலையிலிருந்து பூவை எடுத்துவிட்டாள். மறுநாள் காலை வீட்டுப் போன் சரியானதும் அவரே கூப்பிட்டு, மாத்திரை எந்த டப்பாவில் என்று கேட்டார்.

எங்கள் பிளாக்கில் அன்று மாலை கரண்ட் இல்லை. எனக்குத் தெரிந்ததே மறுநாள் பால் பூத்தில்.

சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். வேதாசலம் மேஜையைக் குத்தினார். உயிரோடு இருக்கிறவன் பெண்டாட்டி தலையில் பூவை எடுத்தது சும்மாவா? அவர் கோபம் நியாயம். சிதம்பரம் சுதாவை நடுவில் நிறுத்தி, "தமிளு தெரியாத பிள்ளயெல்லாம் எதுக்கு மைக் பிடிக்குது?" என்றார். ஐம்பது பேர். "ஸாரி. ஊர் பேரை விட்டுட்டேன்" என்று அழுதாள். பின்னால் சுவரோரம் அவள் அப்பா. தலை நிமிரவில்லை. அன்றே அறையைப் பூட்டினார்கள். ரேடியோ அதோடு சரி.

17 நவம்பர், புதன்

தூக்கம் இல்லை. எழுதிவிடுகிறேன், இது என் நோட்டு.

சுதா எதையும் விடவில்லை. விட்டது நான். சீட்டு எழுதியபோது சிவப்புப் பேனாவைக் காணோம். விழுப்புரத்தில் 'ழ' இருக்கிறது. புள்ளி இல்லாமல் எழுதினால் 'விலுப்புரம்' என்று வாசித்துவிடுவாளே, பேனா கிடைத்ததும் எழுதலாம் என்று அந்த இடத்தை வெறுமனே விட்டேன். வீட்டில் விருந்தாளி. மறந்து, சீட்டைக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

மறுநாள் மைக் மேஜையிலிருந்து நான் எடுத்துவைத்த அந்தச் சீட்டு, கூட்டம் நடந்தபோது என் கைப்பையில் இருந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. வேதாசலம் என் பாஸுக்கு வேண்டியவர், எனக்குப் பிரமோஷன் வர வேண்டிய வருடம். அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

18 நவம்பர், வியாழன்

சிதம்பரத்துக்குப் போன். அந்த வரியை எடுங்கள், தப்பு என்னுடையது, எழுதியவள் நான் என்றேன்.

சிரிக்கிறார்! "நீங்க பெருந்தன்மையாச் சொல்றீங்க மேடம். அந்தப் பிள்ளதான் அன்னைக்கே ஒத்துக்கிருச்சுல்ல? பேஜ் பிரஸ்ஸுக்குப் போயாச்சு, விடுங்க."

பெருந்தன்மையாம்! ரிசீவரை வைத்த வேகத்தில் போனுக்குக் கீறல். இவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "எட்டு வருஷம் ஆச்சு பத்மா. இப்ப போய் எதுக்குக் கிளர்றே? கட்டுரை எழுதாம விட்டுடு, முடிஞ்சுது" என்றார்.

எழுதாமல் விட்டதுதானே இத்தனைக்கும் காரணம் என்று கத்தினேன். அவருக்குப் புரியவில்லை. பேப்பரோடு பால்கனிக்குப் போய்விட்டார்.

சுதாவின் நம்பர் கிடைத்தது. கல்யாணமாகி மயூர் விஹாரில் இருக்கிறாள். நாலு தடவை டயல் செய்து, நாலு தடவையும் மணி அடிக்குமுன் வைத்தேன். கோழை. கீஸர்காரன் இன்றும் வரவில்லை.

21 நவம்பர், ஞாயிறு

போனில் முடியாது என்று நேரிலேயே போனேன். இரண்டு பஸ். கடலை மிட்டாய் ஒரு பாக்கெட், எதற்கு வாங்கினேன் என்று தெரியவில்லை.

"ஆயியே அக்கா, வாங்க!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பருத்திருக்கிறாள். குரல் மாறவில்லை. ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. பேர் என்ன என்று தமிழில் கேட்டேன். குழந்தை அம்மா முகத்தைப் பார்த்தது.

"அவளுக்கு வராதுக்கா. நான் சொல்லித் தரல. தப்பா ஏதாச்சும் பேசிட்டா, பிராப்ளம்."

சொல்லிவிட்டேன். பேனா, சீட்டு, கைப்பை, பிரமோஷன், எல்லாம். திட்டுவாள், வெளியே போ என்பாள் என்று தயாராகப் போயிருந்தேன். அவள் டீயை என் பக்கம் நகர்த்தினாள்.

"சீட்டுல அந்த வார்த்தையே இல்லையா? சச்சி? நிஜமா?"

"இல்ல."

"நான் விடலையா?"

"நீ விடல."

மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சொன்னேன்.

குழந்தையின் தலையைக் கோதினாள். பிறகு சொன்னாள். "அன்னிக்கு வீட்டுக்கு வந்ததுலேர்ந்து அப்பா என்கிட்ட தமிழ்ல பேசலக்கா. கோபமெல்லாம் இல்ல. நான் தமிழ்ல ஆரம்பிச்சாலும், 'ரெஹ்னே தோ பேட்டி'ன்னு ஹிந்திக்கு மாறிடுவார். போதும் மகளே, விடுன்னு. எட்டு வருஷம். இந்த மார்ச்ல ஆஸ்பத்திரியில கடைசியா தண்ணி கேட்டார். அதுவும் 'பானி'ன்னுதான்."

வாசலில் செருப்பை மாட்டும்போதும் என் கையை விடவில்லை. "நான் விடலைன்னு அவர்கிட்ட இப்ப யாருக்கா சொல்றது?" என்றாள்.