மீந்துபோன வலது பூட்ஸ்கள்

என் ஜெயந்தி அக்காவுக்கு,

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. இத்தனை நாளும் உன் படத்துக்கு முன்னால் நின்று இரண்டு வார்த்தை பேசினால் மனசு ஆறிவிடும். இந்த முறை ஆறவில்லை. ரொம்ப அலுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் இது உன் பிள்ளை விஷயம், உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

அந்தப் போர் இன்னும் முடியவில்லை அக்கா. உக்ரைனில் சண்டை தொடங்கிய வாரம், கம்பெனி கேன்டீனில் நீதான் பேப்பரை விரித்து எல்லோருக்கும் படித்துக் காட்டினாய். யார் ஆரம்பித்தது என்று சாப்பாடு ஆறும்வரை கத்தினோம். அடுத்தவன் வீட்டுக்குள் புகுந்தவன் மேல்தான் தப்பு என்று நான் சண்டை பிடித்தேன். நீ மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டே சொன்னாய்: "பூந்தவன் மேல தப்பு தான்டி. ஆனா நாம முந்தலன்னா அவங்க முந்திடுவாங்கன்னு பயம் வந்துட்சின்னா மனுசன் இன்னா வேணா பண்ணுவான். சுத்தி நிக்கறவங்களும் வெலக்கி வுடாம கம்பு எடுத்துக் குடுக்கறாங்க. பாரு, ஒரு மாசத்துல முடிஞ்சிடும்."

மற்றதெல்லாம் சரியாகத்தான் சொன்னாய். ஒரு மாசம் என்றாயே, அதில்தான் கோட்டை விட்டுவிட்டாய்.

சமையல் எண்ணெய் விலை ஏறியது உனக்கே தெரியும். அதற்கப்புறம் காசாவில் சண்டை வந்தது. செங்கடலில் கப்பல்களைத் தாக்கினார்கள். நம் கன்டெய்னர்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின. குளிருக்குத் தைத்த லேடீஸ் ஷூ வெயில் காலத்தில் போய் இறங்கினால் எந்தக் கடைக்காரன் வாங்குவான்? அங்கேயும் கேஸும் கரண்டும் விலை ஏறி, ஜனங்கள் புது ஷூ வாங்குவதையே குறைத்துக்கொண்டார்களாம். ஒருவர் சுடுகிறார், ஒருவர் குண்டு கொடுக்கிறார், ஒருவர் ஆள் அனுப்புகிறார். இது எத்தனை நாட்டுப் போர் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆம்பூரில் நம் கம்பெனி வரைக்கும் வந்தது என்று மட்டும் தெரியும். செகண்ட் ஷிப்டை நிறுத்தினார்கள். கடைசியாகச் சேர்ந்தவர்களை முதலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் உன் தினேஷும் ஒருவன்.

ஏழு மாதமாக வீட்டில்தான் இருக்கிறான். சமையல் முழுக்க அவன் கையில். உன் ரசம் அப்படியே அவனுக்கு வந்திருக்கிறது, என் ரசத்தைக் குடித்துவிட்டு நீ முகம் சுளிப்பதும் வந்திருக்கிறது.

போன மாதம் ஒரு ஏஜெண்ட் வந்தார். அந்த உக்ரைன் சண்டை நடக்கிற பக்கமே வேலையாம். மிலிட்டரி கிச்சனில் ஹெல்பர், துப்பாக்கியைத் தொடவே வேண்டாமாம். தினேஷ் அன்றைக்கே பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்துவிட்டான்.

"சமையல் தானே சித்தி. இங்கயும் அத தானே பண்றேன்."

"சமையக்கட்டு மேல குண்டு வுழாதுன்னு எழுதிக் குடுத்தாங்களாடா?"

"இங்க உக்காந்து இன்னா பண்ணச் சொல்ற? அந்தச் சண்டையால தான் என் வேல போச்சு. இப்ப அதே சண்ட வேல குடுக்குது. வாங்கிக்கறேன், வுடு."

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? கத்தினேன், அழுதேன், இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அவன் தூங்கும்போது பாஸ்போர்ட்டை எடுத்து அரிசி டப்பாவுக்குள் புதைத்தேன். வீட்டில் சமைப்பது யார் என்பதையே மறந்துவிட்டேன். மறுநாள் மத்தியானமே அதைத் தட்டித் துடைத்து, "நல்ல வேள சித்தி, சேர்த்துக் களைஞ்சிருப்பேன்" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

இதற்கு நடுவில்தான் ஒரு சின்ன ஆர்டர் வந்தது. கணுக்கால் வரை வரும் ஆண்கள் பூட்ஸ். ஷீட்டில் இடது ஒரு கணக்கு, வலது ஒரு கணக்கு, இரண்டும் ஒத்துப்போகவில்லை. எட்டாம் சைஸில் வலது பக்கம் வெறுமையாகவே இருந்தது. டைப் அடித்தவன் தூங்கி விழுந்திருக்கிறான் என்று நினைத்தேன். பதினெட்டு வருஷம் நீ ஜோடி சேர்த்த மேஜையில்தான் இப்போது நான் நிற்கிறேன். லேஸால் இடதையும் வலதையும் கட்டாமல் ஒரு ஷூவைக்கூட நீ கீழே வைத்ததில்லை. அந்தப் பழக்கத்தில் நான் யாரையும் கேட்கவில்லை. லைனில் சொல்லி, குறைந்ததையெல்லாம் தைக்க வைத்து, ஜோடி ஜோடியாகக் கட்டி அடுக்கிவிட்டேன். கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாகப் பெருமை வேறு.

மேனேஜர் பாய் வந்து பெட்டியைத் திறந்தார்.

"இன்னாம்மா செல்வி இது? ஷீட்ட பாக்கலியா?"

"பாத்தேன் பாய். தப்பா அடிச்சிருக்காங்க, நான் சரி பண்ணிட்டேன்."

அவர் திட்டவில்லை. ஷீட்டை எடுத்து என் முன்னால் விரித்தார். "தப்பா அடிக்கலம்மா. சண்டையில காலு போனவங்களுக்கு. எந்தக் காலு இருக்குதோ அதுக்கு மட்டும் தான் கேட்டிருக்காங்க. பிரிச்சிடும்மா."

நான் கட்டிய முடிச்சுகளை நானே அவிழ்த்தேன் அக்கா. போன வருஷம் மிலிட்டரி பூட்ஸ் ஆர்டர் வந்தபோது ஓவர்டைம் கிடைக்கிறது என்று எவ்வளவு சந்தோஷப்பட்டோம். அன்றைக்கு ஜோடியாகத்தான் அனுப்பினோம். அதே கால்களா?

மீந்துபோன எட்டாம் சைஸ் வலது பூட்ஸில் ஒன்றை பாயிடம் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் கேட் பாஸ் எழுதிக் கொடுத்தார்.

சாயங்காலம் தினேஷ் முன்னால் அதை வைத்தேன். எட்டு அவன் சைஸ். ஆசையாகக் காலை விட்டு, லேஸ் கட்டி, தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தான்.

"நல்லா இருக்கு சித்தி. இன்னொன்னு எங்க?"

"அது கப்பல்ல போவுது. அத போட்டுக்கறவனுக்கு இந்தக் கால் இல்ல."

விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். நான் ஷீட்டில் இருந்ததைச் சொன்னேன், பாய் சொன்னதைச் சொன்னேன். அவன் ஒரு காலில் பூட்ஸும் இன்னொரு கால் வெறுமையுமாக உட்கார்ந்தே இருந்தான். அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. நான்தான் எழுந்து போய் அணைத்தேன்.

நேற்று ஏஜெண்ட் மறுபடி வந்தார். அணைக்கட்டு ஊர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் கிளம்பிவிட்டார்களாம், இன்றைக்கே பாஸ்போர்ட் வேண்டுமாம். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பாஸ்போர்ட் எங்க சித்தி கிட்ட மாட்டிக்கிச்சுண்ணா. அவங்க குடுக்க மாட்டாங்க" என்றான் உன் பிள்ளை.

அது அவன் சட்டைப் பையில்தான் இருந்தது.

அவர் போனதும் உள்ளே வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. அரிசி டப்பாவைத் திறந்து, பாஸ்போர்ட்டைக் கையால் அடிவரை அழுத்திப் புதைத்து மூடினான். "நைட்டுக்கு இன்னா சித்தி பண்ணட்டும்?" என்று கேட்டான்.

வேலை இன்னும் கிடைக்கவில்லை. நாளைக்கு மனசு மாறினாலும் மாறும், அவனைக் குற்றம் சொல்ல முடியாது. வேலூர் ஆஸ்பத்திரியில் கடைசியாக நீ என் கையைப் பிடித்து "அவன பாத்துக்கோடி" என்றாய். அப்போது தலையை மட்டும் ஆட்டினேன். இப்போது வாயால் சொல்கிறேன். அந்த டப்பாவில் அரிசி குறையாமல் பார்த்துக்கொள்வேன் அக்கா. அவன் கை அடிவரைக்கும் போக விடமாட்டேன்.

உன் பிள்ளைக்குச் சித்தியாக இருக்கும்,
உன் தங்கச்சி செல்வி