பலகை வைக்காத படம்

கெய்ரோ, இமாதுத்தீன் தெரு
4 மார்ச் 2006

கவாஜா ஒன்னிக் துரைக்கு, கலஃப் சொல்லி எழுதுவது. இங்கே நலம். அங்கே நீயும், வலிக்கிறது என்று நீ எழுதியிருந்த உன் வயிறும் நலமாக இருக்க ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும்.

உனக்குப் பெண் பார்க்க அனுப்பிய சிரானின் கல்யாணப் படத்தை எந்த வருஷம் எடுத்தோம் என்று கேட்டிருந்தாய். ஓபரா மாளிகை எரிந்த வருஷம், எழுபத்தொன்று. பக்கத்திலேயே தீயணைப்பு நிலையம் இருந்தும் எரிந்தது. அந்தப் புகை நெடி நம் ஸ்டூடியோவின் கறுப்புத் துணிகளில் ஏறி, போகவே மாட்டேன் என்றது. துணிகளை மொட்டை மாடியில் உதறிக் காயப்போட்டுவிட்டு வந்துதான் அவளை உட்கார வைத்தேன்.

உனக்கு இதெல்லாம் மறந்திருக்கும். அவள் அப்பா, நமக்குத் தொழில் கற்றுத் தந்த உஸ்தா மிஹ்ரான் ஆளுக்கொரு அவித்த முட்டையையும் ஒற்றை விளக்கையும் தந்தாரே, அதாவது ஞாபகம் இருக்கிறதா? ‘வெள்ளத் துணி மேல வெள்ள முட்டை. உருண்டையாத் தெரியணும், துணியை விட்டுப் பிரிஞ்சு நிக்கணும். அது வரைக்கும் ரொட்டி கிடையாது’ என்றார். என் முட்டை மத்தியானத்துக்குள் உருண்டையாகத் தெரிந்துவிட்டது. நீ உன்னுடையதைத் தின்றுவிட்டு, ‘நிழல்ல காணாமப் போச்சு உஸ்தா’ என்றாய். யாரையும் பார்த்துச் சிரிக்காத மனுஷர் உன்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஒன்றை மட்டும் நீ யோசிக்கவில்லை. எனக்குப் படிக்கத் தெரியாது. இப்போது பார்வையும் இல்லை. உன் கடிதத்தைச் சிரான்தான் உரக்கப் படித்துக் காட்டினாள். ‘அந்தக் கோணல் வாயை என் தலையில் கட்டப் பார்த்தீர்கள்’ என்ற வரியையும் குரல் மாறாமல் படித்தாள். உஸ்தா போன பிறகு ஸ்டூடியோ அவளுடையது. நான் பின்னறையில் இருக்கிறேன். இந்தப் பதிலும் அவள் கையெழுத்துதான். நான் சொல்வதை அப்படியே எழுதுகிறாள். ஒரு சொல் கூட்டுவதில்லை, குறைப்பதில்லை.

கலஃப், பெருவிரல் வைத்தது.

மொன்ட்ரியால்
22 மார்ச் 2006

அன்புள்ள கலஃப்,

உறையின் மேல் சிரானின் கையெழுத்தைப் பார்த்தேன். அவள் படிப்பாள் என்று தெரிந்திருந்தால் அந்தச் சொல்லை எழுதியிருக்க மாட்டேன்.

ஆனாலும் என் நியாயத்தையும் யாராவது கேட்க வேண்டாமா? நான் கெய்ரோவை விட்டுக் கிளம்பியபோது அவளுக்குப் பதினெட்டு வயது. அந்த முகத்தைத்தான் பல வருஷம் கழித்து உஸ்தாவிடம் பெண் கேட்டு எழுதினேன். இடையில் அவளுக்கு முகவாதம் வந்ததை அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீயாவது சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் விளக்கை வைத்து என்னை ஏமாற்றினாய். அவள் இங்கே வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் என் அம்மா பக்கத்தில் நிற்கிறாள். நான் வேறு என்ன செய்திருக்க முடியும்? பாதிரியார் வீட்டில் தங்க வைத்தேன். திரும்பிப் போக டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன். வேறொருவன் அதைக்கூடச் செய்திருக்க மாட்டான்.

போகட்டும். உங்கள் இருவரையும் நான் மன்னித்து எத்தனையோ காலமாகிறது. இப்போது என் வயிற்றில் கட்டி. வெட்டி எடுக்கப் போகிறார்கள். பிழைப்பேனா என்று டாக்டர் சொல்ல மறுக்கிறார். உள்ளே போவதற்கு முன் சிரானிடமிருந்து ஒரு வரி வேண்டும். ‘உங்கள் மேல் கோபமில்லை’ என்றால் போதும். நிம்மதியாகப் படுத்துக்கொள்வேன்.

உன் பழைய தோழன்,
ஒன்னிக்

கெய்ரோ
9 ஏப்ரல் 2006

ஒன்னிக்,

நீ எங்களை மன்னித்த இடம் வந்தபோது நான் சிரித்துவிட்டேன். சிரான் சிரிக்கவில்லை. அடுத்த வரிக்குப் போனாள்.

ஏமாற்ற நினைத்திருந்தால் எனக்கு வழி தெரியாதா? மெல்லிய துணிக்குப் பின்னால் பெரிய விளக்கை முகத்துக்கு நேரே நிறுத்தி, பக்கத்தில் வெளிச்சத்தைத் திருப்பும் வெள்ளைப் பலகையைப் பிடித்து, நிழலே இல்லாமல் வழித்திருப்பேன். மிச்சக் கோணலை, நம் ஸ்டூடியோவில் படம் திருத்தும் பனயோத் நெகட்டிவில் பென்சிலால் நேராக்கியிருப்பான். உன்னைப் பெற்றவளாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

அன்று நடந்தது இது. உஸ்தா, ‘கோணல் தெரியக் கூடாது’ என்று மட்டும் சொன்னார். நான் அவளை முக்கால் பாகம் திருப்பி, நல்ல பக்கத்தில் விளக்கை உயர்த்தினேன். கோணல் பக்க இருட்டை இளக்கப் பலகையைத் தூக்கினேன்.

‘கலஃப், அத வைக்காத’ என்றாள்.

‘பாதி மூஞ்சி கரியாப் போயிடும் பொண்ணே. சாவு வீட்டுப் படம் மாதிரி இருக்கும்.’

‘இருக்கட்டும். அந்தப் பலகைய மூணு வருஷம் பிடிச்சவரு ஒன்னிக். அது இல்லாம இங்க எந்தக் கல்யாணப் பொண்ணையும் எடுத்ததில்லன்னு அவருக்குத் தெரியும். ஏன் இல்லன்னு கேப்பாரு. கேட்டா அப்பாவால மறைக்க முடியாது. கேக்கலன்னா, தெரிஞ்சும் நான் வேணும்னுதானே அர்த்தம்.’

உனக்குப் போகும் கடிதமெல்லாம் உஸ்தா கண்ணில் பட்டுத்தான் போகும். அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. பனயோத்தையும் பென்சிலைத் தொட விடவில்லை. படம் அப்படியே போயிற்று.

நீ கேட்கவில்லை. ‘பெண்ணை அனுப்பவும்’ என்று தந்தி அடித்தாய். அன்று அவள் பாடிக்கொண்டே விளக்குகளைத் துடைத்தாள். முகவாதம் வந்த பிறகு அவள் பாடி நான் கேட்டதில்லை.

பிறகு உன் விமான நிலையம். வாடிக்கைக்காரர்களைத் திருப்புவோமே, அப்படி அவள் மோவாயைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாயாம். இந்தப் பக்கம் பார்த்தாய். அந்தப் பக்கம் பார்த்தாய். உன் அம்மாவிடம், ‘இது தேறாது’ என்றாய்.

இதை நான் சொல்லும்போது பேனா எங்கேயாவது நிற்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். நிற்கவில்லை.

கலஃப், பெருவிரல் வைத்தது.

மொன்ட்ரியால்
25 ஏப்ரல் 2006

கலஃப்,

பலகை இல்லாததை நான் பார்க்காமல் இருப்பேனா? பார்த்தேன். நீ மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். அந்தப் பலகையை மறந்து உஸ்தாவிடம் அடி வாங்குகிறவன் எப்போதும் நீதானே. ‘கழுதை இன்னும் திருந்தல பாரு’ என்று அம்மாவிடம் படத்தைக் காட்டிச் சிரித்தேன். ஒரு பெண் தன் வாழ்க்கையை ஒரு பலகையிடம் ஒப்படைப்பாள் என்று யாருக்குத் தோன்றும்?

சிரான், இதைப் படிப்பது நீதான் என்று தெரியும். ஆகவே உன்னிடமே கேட்கிறேன். அன்று எனக்கு ஊர் வாய்க்குப் பயம். அம்மாவுக்குப் பயம். மே பத்தொன்பது காலையில் என்னை உள்ளே கொண்டுபோகிறார்கள். தபால் தாமதமாகும் என்றால் கீழே தொலைபேசி எண் எழுதியிருக்கிறேன். நீ பேச வேண்டாம். கலஃப் பேசினால் போதும். நீ பக்கத்தில் இருக்கிறாய் என்று அவன் சொன்னால் போதும்.

ஒன்னிக்

கெய்ரோ
27 மே 2006

ஒன்னிக்,

உன் கடிதம் மே முதல் வாரமே வந்துவிட்டது. சிரான் படித்தாள், மடித்தாள். பதில் சொல்லட்டுமா என்றேன்.

‘பத்தொம்போது கழியட்டும். அது வரைக்கும் பேனாவத் தொட மாட்டேன்.’

‘ஆளு சாகக் கிடக்கறான் பொண்ணே. ஒரு வரிதானே கேக்கறான்.’

‘நானும் ஒரு வரிதான் எதிர்பாத்தேன். ஏன் பலகை இல்லன்னு ஒரு வரி.’

தொலைபேசியை எடுக்கத் தடவிப் பார்த்தேன். அதன் ஒயரைப் பிடுங்கி வைத்திருந்தாள்.

பத்தொன்பதாம் தேதி ஒரு அத்தர்க் கடைக்காகக் குப்பிகளைப் படம் எடுத்தாள். மொன்ட்ரியாலிலிருந்து திரும்பி வந்த பிறகு அவள் முகங்களை எடுப்பதில்லை. குப்பி, செருப்பு, பாத்திரம், இவைதான். குப்பியின் மேல் விளக்கைப் போட மாட்டாள். அதற்குப் பின்னால் கட்டிய வெள்ளைத் துணியில் போடுவாள். அத்தர் தானாகவே ஒளிரும், கண்ணாடியின் ஓரம் மட்டும் கறுப்பாக நிற்கும் என்பாள். அன்று சாயங்காலம் வரை ஒரே குப்பியை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மணி என்ன என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்றைக்குத்தான், ‘சொல்லு, எழுதறேன்’ என்று வந்து உட்கார்ந்தாள். உன் பங்குக்கு ஏதாவது சேர்க்கிறாயா என்று கேட்டேன். ‘இல்ல’ என்றாள். அதையும் அவளே எழுதுகிறாள்.

படம் எடுத்த அன்று அந்த அறையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். உஸ்தா, எழுபத்துமூன்றில் அக்டோபர் போர் தொடங்கிய வாரம், சைரன் சத்தத்தில் படிக்கட்டில் தடுக்கி விழுந்து இறந்துபோனார். மகள் திரும்பி வந்த நாளிலிருந்து அவளிடம் அவர் ஒரு சொல் பேசியிருக்கவில்லை. அவர் மனைவி ஷாகே அந்தக் குளிர்காலத்திலேயே. பனயோத் ஏதென்ஸுக்குப் போய், அங்கே மொழி தெரிந்தும் பேச ஆளில்லாமல் செத்தான். என்னையும் அவர்களோடே சேர்த்துக்கொள். மூச்சு இருக்கிறது, ஆனால் எந்த விளக்கின் கீழ் யாரை உட்கார வைத்தாலும் எனக்கு ஒன்றுதான். உன்னை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று இங்கே யாருக்கும் தெரியாது. விசாரிக்கவும் யாரும் இல்லை. அன்று அந்த அறையில் எவ்வளவு வெளிச்சம் இருந்தது, எவ்வளவு இருட்டு இருந்தது என்று பார்த்துச் சொல்ல இன்னும் உயிரோடு இருப்பவள் ஒருத்திதான்.

சிரான்.