பள்ளியில் நான் சொன்ன பிறந்த தேதி

அனுப்புநர்:
வீ. ஒச்சாயி (வயது 49),
க/பெ. காலஞ்சென்ற வீரணன்,
கிழக்குத் தெரு, பேரையூர் வட்டம்,
மதுரை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மதுரை.

பொருள்: ராணுவத்தில் பணிபுரியும் என் மகன் அழகுராஜாவின் பிறந்த தேதி இரண்டு விதமாக இருப்பதற்கு நானே காரணம் என்பதை விசாரித்துச் சான்று வழங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஏழாம் வகுப்பு வரை படித்தவள். மனு எழுதிக் கொடுப்பவரிடம் போனால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று பயந்து நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2. என் மகன் 2018-இல் சிப்பாயாகச் சேர்ந்தான். சிப்பாய்களும் தேர்வு எழுதி அதிகாரி ஆகலாம் என்று ஒரு வழி இருக்கிறதாம். இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை எழுத்துத் தேர்விலும் நேர்முகத் தேர்விலும் தேறிவிட்டான். பள்ளிக் கணக்குப்படி வரும் மே மாதம் அவனுக்கு இருபத்தேழு வயது முடிகிறது. அதற்குமேல் எழுத முடியாது.

3. பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள் என்றான். இ-சேவை மையத்தில் வாங்கிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதில் 19-11-1998 என்று இருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் அவன் பிறந்த உண்மைத் தேதிதானே என்று நினைத்தேன். பள்ளிச் சான்றிதழில் 25-05-1998 என்று இருப்பதும், அதைக் காட்டித்தான் அவன் ராணுவத்தில் சேர்ந்தான் என்பதும் அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.

4. நடந்தது இதுதான். 2003 ஜூனில் அவனுக்கு ஐந்து வயது நிரம்பவில்லை. தலைக்கு மேல் கையைப் போட்டுக் காதைத் தொடச் சொன்னார் தலைமையாசிரியர். எட்டவில்லை. நான் களையெடுக்கப் போக வேண்டும், பிள்ளையை விட்டுப்போக ஆளில்லை. கெஞ்சினேன். அவர் இரக்கப்பட்டு, "ஜூனுக்கு முந்தி ஒரு தேதி சொல்லும்மா, எழுதிக்கிறேன்" என்றார். வாயில் வந்ததைச் சொன்னேன். எங்கள் பக்கம் பாதிப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் மே மாதத்தில் பிறந்தநாள் வருகிறது. அவர் இப்போது உயிரோடு இல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

5. அந்தத் தேதியால் என் மகனுக்கு ஆறு மாத வயது கூடியதே தவிர, ஒரு லாபமும் இல்லை. உண்மைத் தேதிப்படி பார்த்தாலும் சேரும்போது அவனுக்குப் பத்தொன்பது முடிந்திருந்தது.

6. வித்தியாசத்துக்கு இந்த மாதம் 21-ஆம் தேதிக்குள் வருவாய்த் துறைச் சான்றுடன் விளக்கம் தர வேண்டும், இல்லாவிட்டால் பொய்த் தகவல் தந்ததாக விசாரணை வரும் என்று அவனுடைய படைப்பிரிவில் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். போனில், "ஆத்தா, நான் எம்புட்டுச் சொல்லியும் எடுபடல. நான் என்னைக்குப் பொறந்தேன்னு நீதான் சொல்லணும்" என்றான். அவன் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

7. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. வாசலில் வண்டி நின்றால் விசாரிக்க வந்துவிட்டார்கள் என்று அடுப்படிக்குப் போய்விடுகிறேன். தெருவில் "ஆபீசர் அம்மா" என்று கேலியாகக் கூப்பிடுகிறார்கள், சிரித்துவைக்கிறேன். நூறு நாள் வேலைக்குப் போய் ஒரு வாரமாகிறது.

8. ஆகவே, மருத்துவமனைப் பதிவையும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டையும் பார்த்து, தேதியை மாற்றிச் சொன்னது தாய்தான், நான்கரை வயதுப் பிள்ளைக்கு அதில் பங்கில்லை என்று 21-ஆம் தேதிக்குள் சான்று தரும்படி வேண்டுகிறேன். தண்டனை உண்டென்றால் எனக்குக் கொடுங்கள். கூப்பிட்ட இடத்துக்கு வருகிறேன்.

9. இதை எழுதுவது மகனுக்குத் தெரியாது. தெரிந்தால் தடுத்திருப்பான். அவன் அதிகாரி ஆக வேண்டும் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை ஐயா. சிப்பாயாகவே இருந்து ஓய்வு பெற்று வரட்டும். பொய் சொன்னவன் என்று எழுதி அவனை வீட்டுக்கு அனுப்பிவிடாமல் இருந்தால் போதும்.

இணைப்பு: பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ் நகல்கள்.

இடம்: பேரையூர்
நாள்: 10-02-2025

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
வீ. ஒச்சாயி
(புகார் தருபவளும், புகாருக்கு உரியவளும்)