இருபது நிமிஷத் தெரு

மார்ச் 4, செவ்வாய்

செருப்பு வார் அறுந்துவிட்டது. ஊக்கு குத்தி ஒப்பேற்றிக்கொண்டு முப்பது வீடு முடித்தேன்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் குடும்ப நிலைக் கணக்கெடுப்புக்கு இந்தத் தெருவுக்கு வந்தவளும் நான்தான். அதே நாற்பத்தொரு கேள்வி. தரை மண்ணா சிமெண்டா, அடுப்பு விறகா கேஸா, பிள்ளைகள் எதுவரை படித்தார்கள், தண்ணீர் எடுத்து வர எவ்வளவு நேரம். அப்போது காகிதம், இப்போது டேப்லெட், எங்கள் வாயில் டேப். நாடு எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று பெரிய இடத்தில் யாராவது கேட்டால், பதில் என் விரல் நுனியிலிருந்துதான் கிளம்பிப் போகவேண்டும். அப்படி நினைத்துக்கொண்டால் வெயில் கொஞ்சம் உறைக்காமல் இருக்கிறது.

இன்று ஒரு வீடுகூடப் பூட்டியில்லை. எங்கள் தொழிலுக்குப் பூட்டுதான் பரம விரோதி. பூட்டிய வீடு என்றால் குறியீடு 3, ‘ஆள் இல்லை’. அதற்கு மூன்று முறை மெனக்கெட்டு வரவேண்டும்.

பதினேழாம் எண் வீட்டு அக்கா நான் கேட்காமலே தண்ணீர் கொடுத்தார். அரை டம்ளர். “இன்னும் வேணுமா டீச்சரம்மா?” என்றார். டேப் வைத்திருந்தால் டீச்சராம். இரண்டு முறை இல்லை என்று சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன். தண்ணீர் எடுக்கப் போய்வர எவ்வளவு நேரம் என்று கேட்டேன். இருபது நிமிஷம் என்றார். பக்கத்து வீடும் இருபது. முப்பது வீடும் இருபது.

போன தடவை இவர்களே இரண்டு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் என்று சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது. குழாய் கிட்டே வந்துவிட்டதோ என்று நடந்து போய்ப் பார்த்தேன். அதே குழாய், அதே பள்ளிக்கூடச் சுவரோரம். பன்னிரண்டு மணிக்கே நின்றுபோயிருந்தது.

பின்னே எப்படி?

மார்ச் 6, வியாழன்

தெரு முடிந்தது.

இருபத்து மூன்றாம் கேள்வியை எப்போதும் குரலை இறக்கித்தான் கேட்பேன். ‘கடந்த ஐந்து ஆண்டுகளில் இவ்வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இறந்ததுண்டா?’ போன முறை இந்தத் தெருவில் நாலு வீட்டில் ஆமாம். ஒரு தாய் பதில் சொல்லாமல் உள்ளே எழுந்து போனார், வெகுநேரம் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

இந்த முறை இல்லை. எண்பத்து நாலு வீட்டிலும் இல்லை. நம்பாமல் டேப்பில் மறுபடி மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தேன். பஸ்ஸில் அழுகை வந்துவிட்டது. பக்கத்து சீட்டு அம்மா “என்னம்மா, யாராவது தவறிட்டாங்களா?” என்றார். யாரும் தவறவில்லை என்பதுதான் விஷயம் என்று அவரிடம் எப்படிச் சொல்ல.

மார்ச் 7, வெள்ளி

எண்பத்து நாலு வீடு, எண்பத்து நாலும் இருபது நிமிஷம் - ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டா தண்ணீர் எடுக்கிறார்கள்?

மார்ச் 11, செவ்வாய்

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

எங்கள் மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்த பெயர் சராசரி. டீ எத்தனை குடிப்பீர்கள் என்று கேட்டால்கூட “சராசரியா மூணேகால்” என்பார். எண்பத்து நாலும் ஒரே பதில் என்றவுடன் கம்ப்யூட்டர் என் தெருவைச் சிவப்பாக்கிவிட்டதாம். இன்று காலை அவரே மறு விசாரணைக்குப் போயிருக்கிறார். முதலில் போனது பதினேழாம் வீடு. பூட்டு. பக்கத்து வீட்டில் கேட்டால், “தண்ணிக்கு ஆறு மணிக்கே போய்டுச்சு, பன்னெண்டுக்குத்தான் வரும்” என்றார்களாம்.

எல்லோர் முன்னாலும் கேட்டார். “மரத்தடில உக்காந்து எழுதினீங்களாம்மா?”

இருபத்திரண்டு வருஷ வேலை! ஒரு வீட்டைக்கூட நான் நேரில் போகாமல் உட்கார்ந்து எழுதினதில்லை. அதைச் சொல்லவும் வாய் வரலையே. சண்டைன்னா மட்டும் இந்த வாய் எங்க போய்த் தொலையுதோ.

ஒரு வாரம் அவகாசம். திருப்தியாக விளக்கம் தராவிட்டால் என் ஒப்பந்தம் போகும். தெருவுக்கு அதைவிட மோசம். பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் தண்ணீருக்கு முப்பது நிமிஷத்துக்கு மேல் ஆகும் தெருக்களுக்குத்தான் இந்த வருஷம் வீட்டுக்கு வீடு குழாய். நான் எழுதிய இருபது நின்றால் இந்தத் தெரு பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “ஊர் உலகத்தையே கேள்வி கேக்குறியே, அந்த அக்காவ இன்னொரு கேள்வி கேட்டா ஆச்சு” என்றார். எரிச்சலாக இருந்தது. சரியாகவும் இருந்தது.

மார்ச் 12, புதன்

எட்டு மணிக்கே போய்விட்டேன். அக்கா வீட்டில்தான் இருந்தார். நான் வாயைத் திறக்குமுன் அவருடைய போன் ஒரு தரம் அடித்து நின்றது. மிஸ்டு கால். “குடம் ரொம்பிடுச்சு” என்று கிளம்பினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கூடவே நடந்தேன்.

குழாயடியில் நூல் மாதிரி தண்ணீர். சுற்றிலும் ஏழு வரிசையாகக் குடங்கள், வரிசைக்கு ஒரு பெண். ஒருத்தி குடை பிடித்திருந்தாள், ஒருத்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அக்கா தன் இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். ஒரு குடத்தை நான் வாங்கிக்கொண்டதில் பாதித் தண்ணீர் என் புடவையில். வீட்டுக்கு வந்து பார்த்தால் பத்தொன்பது நிமிஷம். பொய்யே இல்லை.

“அப்ப நேத்து ஆறு மணிக்குப் போனீங்களே?”

“நேத்து என் குடக்காவல்.”

பன்னிரண்டு வீடு ஒரு கூட்டு. நாளுக்கு ஒரு வீட்டுப் பெண் பன்னிரண்டு வீட்டுக் குடங்களோடும் ஆறு மணியிலிருந்து பன்னிரண்டு வரை உட்காரவேண்டும், நகர்த்தவேண்டும், பிடிக்கவேண்டும், நிறைந்ததும் மிஸ்டு கால் கொடுக்கவேண்டும். மற்ற பதினோரு பேரும் வந்து தூக்கிக்கொண்டு போவதோடு சரி. முன்பெல்லாம் எல்லோரும் தினமும் நின்று, மண்டை உடையாத குறையாம். மூன்று வருஷம் முன்னால் இவர்களே பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். எந்த அதிகாரியும் சொல்லித்தரவில்லை.

இதை ஏன் போன வாரமே சொல்லவில்லை என்றேன், கொஞ்சம் கோபமாகவே.

“போய்ட்டு வர எவ்வளவு நேரம்னு கேட்டீங்க, சொன்னோம். உக்காந்திருக்க எவ்வளவு நேரம்னு நீங்க கேக்கலையே டீச்சரம்மா.”

நனைந்த புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டேன்.

கிளம்பும்போதுதான் சொன்னார், தையல் கம்பெனியில் வேலை கிடைத்து நாலு மாதம் போனாராம். மாதத்துக்கு இரண்டு மூன்று நாள் குடக்காவல். மூன்றாம் மாதம் எச்சரித்தார்கள், நாலாம் மாதம் வரவேண்டாம் என்றுவிட்டார்கள். “நான் ஒரு நாள் உக்காரலேன்னா பதினோரு வீட்டுக்கு அன்னிக்குத் தண்ணி இல்ல. அப்படி எப்படிப் போறது?” அவர் குரலில் குறை எதுவும் இல்லை. கணக்கு சொல்வது போலத்தான் சொன்னார்.

மார்ச் 13, வியாழன்

இன்று முழுக்க ஒரே யோசனை. இது முன்னேற்றமா இல்லையா?

இரண்டு மணி நேரம் இருபது நிமிஷமானது நிஜம். சண்டை நின்றது நிஜம். ஆனால் குழாய் ஒரு அங்குலம்கூட நகரவில்லை, தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கூடவில்லை. இவர்கள் தங்கள் சாமர்த்தியத்தால் கஷ்டத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பங்கு போட்டதில் அது என் கேள்விக்குள் மாட்டாத அளவுக்குப் பொடிப்பொடியாகிவிட்டது. அடித்துக்கொண்டே இருந்திருந்தால் குழாய் வந்திருக்கும். என்ன அநியாயம் இது?

வீட்டுக்காரரிடம் நம் வீட்டில் தண்ணீருக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டேன். “குடும்பத் தலைவரைக் கேளு” என்று என்னையே கை காட்டுகிறார்.

மார்ச் 17, திங்கள்

சராசரியைக் குழாயடிக்கே கூட்டிப் போனேன். ஆபீஸில் வைத்துச் சொன்னால் என் வாய் எழும்பாது, எனக்கே தெரியும்.

ஏழு வரிசையையும் பார்த்தார். காவலிருந்த பெண்களிடம் ஒவ்வொருவராக எப்போது வந்தீர்கள், எப்போது போவீர்கள் என்று கேட்டார். பிறகு பள்ளிக்கூடச் சுவர் நிழலில் நின்று, பாக்கெட்டிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்து அதன் முதுகில் எழுத ஆரம்பித்தார். பதினோரு நாள், நாளுக்கு இருபது: இருநூற்றிருபது. காவல் நாள் ஆறு மணி நேரம்: முந்நூற்று அறுபது. ஆக ஐந்நூற்று எண்பது. பன்னிரண்டால் வகுத்தார்.

“நாப்பத்தெட்டு. சராசரியா.”

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டு இத்தனை வருஷம் சிரித்திருக்கிறேன். இன்று சிரிப்பு வரவில்லை. அந்தக் கணக்கு எனக்கு ஏன் தோன்றவில்லை? ஐந்து நாளாக முன்னேற்றமா இல்லையா என்று தலையைப் பிய்த்துக்கொண்டவளுக்கு ஒரு வகுத்தல் தோன்றவில்லை.

திரும்பும் வழியில் அவராகவே, “அன்னிக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா” என்றார். பரவாயில்லை சார் என்றேன். பரவாயில்லைதான், முக்கால்வாசி.

மார்ச் 18, செவ்வாய்

எண்பத்து நாலு வீட்டுக்கும் மறுபடி நடை. புதுக் கேள்வியோடு. புதுச் செருப்போடு.

ஏப்ரல் 2, புதன்

திருத்தம் ஏற்கப்பட்டது. தெரு பட்டியலில் நிற்கிறது. மேலிடத்தில் ஒருவர், ஒரு தெருவுக்காகப் படிவத்தை வளைக்கலாமா என்று கேட்டாராம். மூன்று பக்கம் விளக்கம் எழுதி, பஸ் டிக்கெட்டையும் பின் போட்டு அனுப்பினாராம் சராசரி.

செப்டம்பர் 20, சனி

தெருவில் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இறங்கிப் பார்க்க நேரமில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஓராண்டுத் தொடர் விசாரணை. ஐந்து வீட்டுக்கு ஒன்று. என் பட்டியலில் பதினேழும் இருந்தது.

எல்லா வாசலிலும் குழாய். தினமும் ஒரு மணி நேரம்தான் வருகிறது, அதுவும் சில நாள் கலங்கலாக. அதையும் எழுதிக்கொண்டேன். ஒரு வீட்டில் முழு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்கள்.

பதினேழு பூட்டியிருந்தது.

பக்கத்து வீட்டில் கேட்டேன். “அது கம்பெனிக்குப் போய்டுதே, எட்டு மாசமா... இல்ல, பொய் சொல்லக்கூடாது, மூணு மாசமா. ஒரு நாள் லீவு போடல. ஞாயித்துக்கிழமை வாங்க, இருக்கும்.”

டேப்பில் பதினேழைத் திறந்தேன். போன வருஷம் சராசரி போட்ட பதிவு மேலே இருந்தது. குறியீடு 3, ஆள் இல்லை. அன்று ஆள் இல்லாதது தண்ணீருக்காக. இன்று வேலைக்காக. என் படிவத்தில் இரண்டுக்கும் அதே மூன்றுதான்.

மூன்றைத் தட்டிவிட்டு அந்தப் பூட்டை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி வரவேண்டும். விடுமுறை போச்சு. போகட்டும்.