நியூட்ரலில் இறங்கியவனுக்கு

மாப்ள,

உன் லாரியை இன்று காலை பார்த்தேன். பொன்னமராவதி பெட்ரோல் பங்கில் டீசல் போட நின்றிருந்தது. நசுங்கிப்போன கேபினைத் தட்டி நிமிர்த்தி, பச்சைப் பெயிண்ட் அடித்து, பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியிருக்கிறார்கள். பெயிண்ட் வாசனைகூட இன்னும் போகவில்லை. நீ செத்த சீட்டில் எவனோ ஒருவன் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் கல்லைத் தூக்கிக் கண்ணாடியில் அடிக்கலாம் போல இருந்தது. வண்டி என்ன செய்யும், திட்ட வேண்டியது உன்னை. எழவு வீட்டில் அதற்கு வழி இல்லாமல் போனது. அதனால்தான் இந்தக் கடிதம்.

இரண்டு பேரும் குட்டியானை வேன் ஓட்டி அலுத்துப்போய் ஹெவி லைசென்ஸ் எடுக்கப் போனோமே. அன்னவாசல் ரோட்டில் அந்த டிரைவிங் ஸ்கூல் லாரி. பத்துப் பேர் பின்னால் நின்றுகொண்டு போவோம். முறை வந்து ஏறி உட்கார்ந்தால், மூன்றாவது கியர் விழுவதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். காலி வண்டி, மேடு பள்ளம் இல்லாத ரோடு. அதற்கே லைசென்ஸும் கையில் வந்துவிட்டது. இதை நம்பி லோடு வண்டியில் ஏற முடியாது, நாமக்கல் பக்கம் ஒரு பயிற்சி நிலையம் இருக்கிறது, ஒரு மாதம் தங்கிப் பழகிவிட்டு வருவோம் என்றேன். நீயும் தலையாட்டினாய். உனக்கும் சேர்த்தே இடம் சொல்லி வைத்தேன்.

கிளம்புகிற அன்று புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பையோடு நின்று உனக்குப் போன் அடித்தேன். எடுத்துச் சிரித்தாய். முந்தின சாயங்காலமே ஒரு முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டாயாம்.

"ஸ்டேரிங்கப் புடிச்சா தானா வந்துரும் மாப்ள. இதுக்குப் போயி ஒரு மாசம் பெஞ்சுல ஒக்காரணுமாக்கும்? நீ படிச்சிட்டு வா, நான் ஓட்டிட்டு வாரேன்."

புதுசாகக் கல்யாணமானவன், கையில் சம்பளம் வேண்டும் என்ற அவசரம் உனக்கு. ஒத்துக்கொள்கிறேன். அந்த ஒரு மாதத்தில் உன் பெண்டாட்டி பட்டினியா கிடந்திருப்பாள்? பஸ்ஸில் நாமக்கல் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டே போனேன்.

உன் முதலாளியிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த டிரைவர் குறைந்த டீசலில் அதிக தூரம் ஓட்டினானோ, அவன் படத்தை மாதக் கடைசியில் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். தலையில் கிரீடம் ஒட்டி, கீழே 'மைலேஜ் சிங்கம்' என்று எழுதுவார். சேர்ந்த சீக்கிரத்திலேயே சிங்கம் நீதான். வெள்ளைச் சட்டை, கூலிங் கிளாஸ், லாரிக்கு முன்னால் கைகட்டி நிற்கிற படம். எனக்கும் அனுப்பினாய். எப்படிடா என்று கேட்டேன். இறக்கம் வந்தால் கியரை எடுத்து நியூட்ரலில் விட்டுவிடுவேன், வண்டி சும்மா உருண்டு போகும், கூட ஓட்டுகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் என்றாய்.

அதற்குள் எனக்குப் பயிற்சி முடிந்திருந்தது. அங்கே முதல் வாரமே சொல்லித்தந்த விஷயம் அது. கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், நியூட்ரலில் இறங்கினால் மொத்தப் பாரத்தையும் பிரேக் ஒன்றுதான் தாங்க வேண்டும். சூடேறிவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. இதில் பெரிய கூத்து என்னவென்றால், இப்போது வருகிற வண்டிகளில் ஆக்சிலேட்டரைத் தொடாமல் கியரில் இறங்கினால் இன்ஜினுக்கு டீசலே போகாது. நியூட்ரலில்தான் அது டீசல் குடிக்கும். லேசான சரிவில் நாலு சொட்டு மிஞ்சியிருக்கலாம். மலை இறக்கத்தில் உயிரைப் பணயம் வைத்து நீ மிச்சம் பிடித்தது ஒன்றுமே இல்லை. இதையெல்லாம் போனில் கத்திச் சொன்னேன்.

"ஒங்க வாத்தியாரு லோடு ஏத்திக்கிட்டு தொப்பூர் எறங்கிருக்காராடா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய்.

அந்தத் தொப்பூர் மலைப்பாதை இறக்கத்தில்தான், பெங்களூரிலிருந்து திரும்பும்போது, நீ போனாய். கியர் நியூட்ரலில் கிடந்தது என்று வண்டியை இழுத்து வந்த மெக்கானிக் சொன்னார். ஊரில் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. விதி என்றார்கள்.

ஊர் முக்கில் உன் முதலாளி செலவில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். அதில் போட்டிருந்தது அந்த மைலேஜ் படம். கிரீடத்தை மட்டும் எடுத்திருந்தார்கள். அவரும் மாலையோடு வந்து, தங்கமான பய, மைலேஜில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று நாற்காலியில் உட்கார்ந்து எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. நேரே போய், நியூட்ரலில் இறங்கச் சொன்னது யாருங்க என்று கேட்டுவிட்டேன்.

"நான் சொன்னேனா தம்பி?" என்றார், குரலைக்கூட உயர்த்தாமல். "ஒரு நாளாச்சும் என் வாயால சொல்லிருக்கேனா?"

சொல்லவில்லைதான். அதுதான் வயிற்றெரிச்சல். அவர் படம் மட்டும்தான் போட்டார், மிச்சத்தை நீயே செய்துகொண்டாய். உன் பெண்டாட்டி அந்தப் படத்தைத்தான் இன்னும் போனில் வைத்திருக்கிறாள். அது எதற்காகக் கிடைத்த படம் என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லப்போவதில்லை.

உன் காரியம் முடிந்த கையோடு எனக்கே ஆள் விட்டார் அந்த மனுஷன். பயிற்சி எடுத்தவன், சம்பளம் கூட்டித் தருகிறேன் என்று. நான் அங்கிட்டுத் திரும்பியும் பார்க்கவில்லை. வேறு இடங்களுக்குப் போனால், மைலேஜ் எவ்வளவு கொடுப்பாய் என்பதுதான் முதல் கேள்வி. கேட்ட இடத்திலெல்லாம் எழுந்து வந்துவிட்டேன். முதல் லாரி வேலைக்கே இவ்வளவு திமிரா என்று வீட்டில் ஏச்சு. கடைசியில் விராலிமலைப் பக்கம் ஒரு மாட்டுத்தீவன ஆலையில் நானே முந்திக்கொண்டு, மைலேஜுக்குப் படம் போடுவீங்களா என்று கேட்டேன். மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை.

"படமா? போன வண்டி திரும்பி வந்தாப் போதும் தம்பி" என்றார்.

சம்பளம் குறைவுதான். ஆனாலும் அங்கேயே சேர்ந்துவிட்டேன்.

மக்காச்சோளம் ஏற்றக் கர்நாடகா போகிறேன். லோடோடு திரும்பும்போது அதே இறக்கம். இரண்டாவது கியரைப் போட்டு ஊர்ந்து இறங்குகிறேன். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்கிறான், பக்கத்தில் வந்து அசிங்கமாகப் பேசிவிட்டுப் போகிறான். நான் பதில் பேசுவதில்லை, எனக்கு உன்னோடு வேலை இருக்கிறது. உச்சியில் கியர் விழுந்ததும் உன்னைத் திட்ட ஆரம்பிப்பேன், வாய்விட்டு, வாயில் வந்ததையெல்லாம். எவ்வளவு மெதுவாக இறங்கினாலும் இன்றுவரை ஒரு தடவைகூட உன்னை முழுசாகத் திட்டி முடித்ததில்லை மாப்ள. அதற்குள் ரோடு சமமாகிவிடுகிறது.