விளக்கு வைத்த கவிதை

ஜூலை 3, புதன்

மதியத்துக்கு மேல் மாட்டுங்காவில் நல்ல மழை. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஒருத்தரும் வரவில்லை. முதலாளி உள்ளே சாய்ந்து தூங்கிவிட்டார். சுவரில் இருக்கும் எழுத்து அட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரிய எழுத்திலிருந்து சின்ன எழுத்துக்கு இறங்க இறங்க எனக்கும் கண் சொக்கியது. அந்த அரைத்தூக்கத்தில் ஒரு வரி வந்தது. பில்லின் பின்பக்கம் எழுதி வைத்தேன். தாராவிக்குத் திரும்பும் பஸ்ஸில் எடுத்துப் பார்த்தால் அது வரியே இல்லை. பரவாயில்லை, வந்து போனதே சந்தோஷம்தான்.

ஜூலை 5, வெள்ளி

'தூறல்' வாட்ஸ்அப் கவிதைக் குழுவில் போன வாரம் போட்ட கவிதைக்கு வந்த பதில்கள்: அருமை. அருமை. சிறப்பு. ரோஜாப்பூ. கைதட்டல். அருமை.

குழுவை நடத்துகிற நெல்லையப்பன் அண்ணன் பாண்டுப்பில் இருக்கிறார். நேரில் பார்த்ததில்லை, தங்கமான மனுஷன். எதற்கும் "அருமை தோழி, தொடர்க" என்று எழுதிவிடுவார். போன மாதம் இரண்டு நாள் தண்ணீர் வராது என்று எங்கள் சால் குடியிருப்பில் ஒட்டியிருந்த நோட்டீஸைக் கைதவறிக் குழுவில் போட்டுவிட்டேன். அதற்கும் அருமை தோழி, தொடர்க.

கடைசி வரி வரைக்கும் வாசித்து, இந்த இடம் எனக்கு இப்படி இருந்தது என்று சொல்ல ஒரே ஒரு ஆள் போதும் எனக்கு. பேராசையா இது? என் வீட்டுக்காரர் செல்வத்துக்குத் தமிழ் பேசத்தான் வரும், படித்தது இந்தி மீடியம். "நீயே வாசி, கேக்கேன்" என்பார். இரண்டாவது வரியில் கண் கிரிக்கெட்டுக்குப் போய்விடும். அம்மாவுக்கு எந்த எழுத்தும் தெரியாது.

ஜூலை 7, ஞாயிறு

இன்று எழுதியது. இது வரிதான் என்று தோன்றுகிறது.

அம்மா உறங்குகிறாள்.
மின்விசிறி பாதிக் காற்றைக் கூரைக்குக் கொடுத்துவிட்டு
மீதியை அவளுக்குக் கொடுக்கிறது.
மூடிய இமைக்குள்
எந்த ஊருக்கு நடந்து போகிறாளோ,
கால்விரல் மட்டும் இங்கே அசைகிறது.
கூப்பிட்டால் கேட்காத தூரம்.
நான் கூப்பிடவில்லை.
நாலு மணிக்கு எழுந்து வந்து
டீயில் சீனி கம்மி என்பாள்.

சாப்பிட்டுப் படுத்தவளைப் பார்த்துக்கொண்டே எழுதினேன். வெளியே ஆட்கள், வண்டிகள், யாரோ யாரையோ திட்டுகிற சத்தம். எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் இருந்தது.

ஜூலை 9, செவ்வாய்

நெல்லையப்பன் அண்ணனுக்குக் கவிதையை அனுப்பினேன். படம் ஏதாவது இருந்தால் எடுப்பாக இருக்கும் என்றார். போன பொங்கலுக்கு எடுத்த அம்மா படத்தை அனுப்பினேன். கீழே அம்மா பெயரும் என் பெயரும் போடச் சொன்னேன்.

ஜூலை 10, புதன்

வடிவமைத்துப் போட்டுவிட்டார். நடுவில் அம்மா சிரிக்கிறாள். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, சுற்றிலும் வெள்ளைப்பூ. மேலே பெரிய எழுத்தில் "அம்மா உறங்குகிறாள்", அதன் கீழே "பார்வதியம்மாள்". கவிதை மட்டும் பொடி எழுத்தில்.

அழகாக இருக்கிறது. எங்கேயோ பார்த்த மாதிரியும் இருக்கிறது.

ஜூலை 11, வியாழன்

காலையில் போனைத் திறந்தால் நிற்காமல் வந்துகொண்டே இருக்கிறது. ஆழ்ந்த இரங்கல். ஆன்மா சாந்தி அடையட்டும். பொங்கல் வைக்கிற கை, அந்தக் கைக்காரி போய்விட்டாளே. என் கல்யாணத்துக்கு அவுங்கதான் தலைவாரி விட்டாங்க.

யாரோ அந்தப் படத்தை ஊர்ச் சங்கத்துக் குழுவில் போட்டிருக்கிறார்கள். சங்கத்துக் குழுவில் விளக்கு வைத்த படம் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

எழுதிவிடுகிறேன், வெட்கமாக இருந்தாலும். உடனே மறுப்புப் போடவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே போனேன். அருமை என்று ஒருவர்கூட எழுதவில்லை. எல்லோரும் முழு வாக்கியம் எழுதியிருந்தார்கள். செம்பூரிலிருந்து ஷ்ருதி என்று ஒரு பெண், "அழுகையை நிறுத்த முடியவில்லை" என்று எழுதியிருந்தாள். கண்ணாடியில் வழிகிற மழைக்குப் பின்னால் கிங்ஸ் சர்க்கிள் மிதந்து போனது. நான் கவிஞர் ஆகிவிட்டேன் என்று இருந்தது.

பிறகுதான் உறைத்தது. கடைசியில் அம்மா எழுந்து வந்து சீனி கம்மி என்கிறாளே. அதை வாசித்த ஒருவராவது இதில் உண்டா?

ஒருத்தரும் இல்லை.

அதற்குள் வீட்டில் ஒரு கூத்து. பக்கத்துத் தெரு ஜெபசெல்வி அக்கா மாலையோடு வந்து நின்றிருக்கிறாள். கதவைத் திறந்தது அம்மா.

"மாலைய வச்சுக்கிட்டு எங்கட்டி கெளம்புத? யாரு போயிட்டா?"

அக்கா மாலையைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாளாம்.

மாலை

"அம்மா நலமாக இருக்கிறார், அது கவிதை" என்று இரண்டு குழுவிலும் போட்டேன். ஊர்ச் சங்கத்தில் திட்டு. பெத்த தாயை வைத்தா விளையாடுவது என்று கேட்கிறார்கள். தூறலில் நெல்லையப்பன் அண்ணன்: "அருமை தோழி, தொடர்க."

ஷ்ருதி தனியாக எழுதினாள். "சாரி அக்கா, எனக்குத் தமிழ் ரொம்ப மெதுவாத்தான் படிக்க வரும். ஆன்ட்டி முகத்தையும் விளக்கையும் பாத்தே அழுதுட்டேன்."

ஆக, அழவைத்ததும் நெல்லையப்பன் அண்ணனின் விளக்குதான்.

ஜூலை 12, வெள்ளி

அம்மா கோபப்படுவாள் என்று நினைத்தேன். குளித்து, திருநீறு பூசி, என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"யாரு யாரு எழுதியிருக்கா? ஒவ்வொரு பேரா சொல்லு."

"முதல்ல கவிதைய வாசிக்கட்டா?"

"அது கெடக்கட்டும். பேரச் சொல்லு."

சொன்னேன். ஒவ்வொரு பேருக்கும் ஒரு "ம்". முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

"உல்லாஸ்நகர்ல இருந்து?"

"இல்லம்மா."

"ஒண்ணும் வரலியா?"

"வரல."

உல்லாஸ்நகரில் துணிக்கடை வைத்திருக்கும் வெயிலுமுத்து மாமா அம்மாவின் ஒரே தம்பி. அவர் மகன் மகேஷ்குமாருக்கு என்னைக் கேட்டார்கள். எனக்குப் பிடிக்கவில்லை என்றேன். அம்மா என் பக்கம் நின்றாள். அன்றோடு மாமா பேச்சை நிறுத்திவிட்டார். மகேஷுக்குக் கல்யாணம் ஆகிப் பிள்ளைகளும் ஆகிவிட்டன. அக்கா தம்பி மட்டும் அப்படியே நிற்கிறார்கள்.

எங்களில் ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வரவேண்டும். அது வந்து போர்த்தாமல் தூக்கமாட்டார்கள். அம்மாவுக்குப் பிறந்த வீடு என்றால் மாமாதான். "எனக்குக் கோடி வருமாட்டி?" என்று காய்ச்சல் வரும்போதெல்லாம் கேட்பாள். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

இன்று கேட்கவில்லை. பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். என்ன காரியம் பண்ணித் தொலைத்தேன் நான். சும்மா தூங்கிக்கொண்டிருந்தவளை எழுதி — அவள் செத்தாலும் தம்பி வரமாட்டான் என்று அவளுக்கே காட்டிக் கொடுத்துவிட்டேனே.

கவிதையை எடுத்துவிடும்படி அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

ஜூலை 13, சனி

அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

மாமா வந்தார்.

செல்வம்தான் முதலில் பார்த்தார். சந்து முனையில் குடையை மடக்கிக்கொண்டு, கையில் துணிக்கடைப் பையோடு நிற்கிறார். மறுப்புப் போட்டது இவருக்குத் தெரியாது, கோடியோடு வந்துவிட்டார் என்று நினைத்தேன். ஓடிப்போய் மறிப்பதற்குள் அம்மா வாசலுக்கு வந்துவிட்டாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். அம்மா பையைப் பார்த்தாள்.

"கோடியா?"

மாமா பையைத் திறந்து சேலையை எடுத்தார். அரக்குக் கலர், அகலமான ஜரிகை.

"கோடிக்கு எவனாவது ஜரிகை போட்டு எடுப்பானாக்கா?"

அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே உட்கார்ந்து மாமா சொன்னது இது. மகேஷ் கடைக்கு வந்து படத்தைக் காட்டி, அத்தை போய்விட்டாள் என்றிருக்கிறான். அவனுக்கும் தமிழ் எழுத்து வராது. மாமா கல்லாவிலேயே அழுதிருக்கிறார். அப்புறம் போனை வாங்கி, பொடி எழுத்தைப் பெரிசாக்கி வாசித்திருக்கிறார்.

"கடைசி வரி வரைக்கும் வாசிச்சேன். சீனி கம்மிங்கா. அப்ப அக்கா எங்கயும் போவலன்னு தெரிஞ்சுபோச்சு."

"உயிரோட இருக்கேன்னு தெரிஞ்சா வந்த?" என்றாள் அம்மா.

"செத்திருந்தா வந்திருப்பம்லா. வந்துதானே ஆவணும். அதுக்கு இருக்கும்போதே வந்தா என்னன்னு மூணு நாளா யோசிச்சேன். இன்னைக்குக் கெளம்பிட்டேன்."

செல்வம் எழுந்து போய்க் கிரிக்கெட்டை அணைத்தார். நான் அடுப்படிக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் கொதித்து வற்றும் வரை நின்றிருந்தேன்.

ஜூலை 15, திங்கள்

அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு அம்மா மளிகைக் கடைக்குப் போய்வந்தாள். வாங்க ஒன்றும் இல்லை. தெருவுக்குத் தெரியவேண்டுமாம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அம்மா உல்லாஸ்நகர் போய் ஒரு வாரம் ஆகிறது. வீடு வெறிச்சென்று இருக்கிறது. மழை விட்டு வெள்ளை வெயில். கூரைத் தகரங்களிலிருந்து ஆவி எழும்பி, தாராவி முழுவதையும் தரையை விட்டுக் கொஞ்சம் தூக்கியதுபோல் இருந்தது. பார்த்துக்கொண்டு நிற்கும்போது போன் வந்தது. அம்மா.

"ஏட்டி, உன் பாட்ட நேத்து ஒங்க மாமன் எனக்கு வாசிச்சுக் காட்டுனான்."

"எதை?"

"நான் தூங்குதத எழுதியிருக்கியே, அது. மாமன் போன்ல வச்சிருக்கான்."

நானாக அம்மாவுக்கு வாசித்துக் காட்டவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எப்படி இருந்தது என்று கேட்க வாய் வரவில்லை. அவளாகவே சொன்னாள்.

"அவ்வளவு நேரமா என்னயப் பாத்துக்கிட்டா இருந்த?"

"ஆமாம்மா."

"எழுப்பியிருக்கலாம்லா. ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருந்திருக்கலாம்."

புதன்கிழமை வருகிறாளாம். அன்றைக்குக் கடைக்கு லீவு சொல்லியிருக்கிறேன்.